“அட்மிட் தேவையில்லை” என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால்?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 36. திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சித்திரைத் திருவிழா சமயத்தில் ஆறு நாள் சுத்தமாகத் தூங்கவில்லை. விடிய விடியப் பேச்சு. கடைச் சரக்கைத் தெரிந்தவர், தெரியாதவருக்கெல்லாம் சும்மா தூக்கிக் கொடுத்தார். தடுத்தால் அடிக்க வந்தார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 நாள் வைத்துப் பார்த்தோம். மனநிலை எல்லை மீறி ஏறி இறங்கும் பைபோலார் நோய் என்றார்கள், அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். பில் 74,000 ரூபாய். நான்கு வருடமாகக் கட்டும் பாலிசி. “கண்காணிப்புக்காக மட்டும் சேர்க்கப்பட்டவர், வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம்” என்று கிளைமை மறுத்துவிட்டார்கள். மனநோய்க்கெல்லாம் காப்பீடு கிடையாது என்கிறார் ஏஜென்ட். உண்மையா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: ஏஜென்ட் சொன்னது தவறு. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மனநோயை விலக்கிய பாலிசி விதியைக் காட்டிப் பணம் தர மறுத்த ஒரு நிறுவனத்துக்கு எதிராக 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா மருத்துவ பாலிசியும் மனநோயைச் சேர்த்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் கெடு வைத்தது.

ஆனால் உங்களுக்கு வந்த கடிதம் மனநோயைக் காரணம் காட்டவில்லை. படுக்கையில் சேர்க்கவே தேவையில்லை என்கிறது. வெறும் பரிசோதனைக்காகவோ கண்காணிப்புக்காகவோ சேர்ந்தால் பணம் கிடையாது என்று பாலிசிகளில் ஒரு பொது விலக்கு உண்டு. மனநோய் கிளைம்கள் அதில் போய் மாட்டிக்கொள்வதற்கு, வருத்தத்தோடு சொல்கிறேன், பெரும்பாலும் மருத்துவர்களான நாங்கள் எழுதும் குறிப்புகள்தான் காரணம். மாரடைப்புக்கு ஈ.சி.ஜி. இருக்கிறது, எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. உங்கள் கணவருக்கு வந்த மேனியா என்ற மிகை எழுச்சி நிலைக்கு அப்படிக் காட்ட ஒரு படம் கிடையாது. மருத்துவரும் செவிலியரும் எழுதி வைத்ததுதான் சாட்சி.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். “தூக்கமின்மை, அதிகப் பேச்சு, கண்காணிப்புக்காகச் சேர்க்கப்பட்டார், நிலை சீரானது” என்று ஒரே வரியில் முடித்திருந்தால், அந்த ஒரு வரிதான் உங்கள் 74,000 ரூபாயைத் தடுக்கிறது. இருக்க வேண்டியது இப்படி: “6 நாளாகத் தூக்கமில்லை. மனைவியை அடிக்க முயன்றார். கடைப் பொருட்களை வாரி இறைத்தார். தனக்கு நோய் என்ற உணர்வு இல்லை, வீட்டில் மாத்திரை விழுங்க மறுத்தார். எனவே வெளிநோயாளியாகச் சிகிச்சை தர இயலவில்லை.” அதோடு எந்த ஊசி, என்ன அளவு, எத்தனை நாள் என்பதும் வேண்டும். லித்தியம் தொடங்கும்போது சிறுநீரகம், தைராய்டு சோதனை செய்து, ஐந்து முதல் ஏழு நாள் கழித்து, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆனதும் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்ப்போம். அந்த லேப் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஐ.சி.டி. என்ற சர்வதேச நோய்க் குறியீடு இருக்கட்டும், பைபோலாருக்கு எஃப் 31.

சிகிச்சை பார்த்த மருத்துவரிடம் இந்த விவரங்களைத் தனிச் சான்றாக, முத்திரையோடு கேளுங்கள். நடந்ததை மட்டும்தான் எழுதச் சொல்ல வேண்டும். செவிலியரின் தினசரிக் குறிப்போடு ஒத்துப்போகாத ஒரு சொல் இருந்தாலும் மொத்தமும் சந்தேகத்துக்கு ஆளாகும். அந்தக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு நோயாளிக்குத் தருகிறது. அவர் இப்போது தெளிவாக இருப்பதால் விண்ணப்பத்தில் அவரே கையெழுத்திடட்டும்.

இன்னொரு தாள் மிக முக்கியம். அவர் மறுத்த நிலையில் நீங்கள் கையெழுத்திட்டுச் சேர்த்திருந்தால் அது அதே சட்டத்தின் 89-ஆம் பிரிவுச் சேர்க்கை. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியே பார்த்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாத நிலை என்று எழுதினால்தான் அப்படிச் சேர்க்க முடியும். “வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம்” என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

இவற்றை இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு 21(4) பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள், ரசீது பத்திரம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மேன்) அலுவலகத்துக்குப் போகலாம். மறுப்பு வந்து ஓர் ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

பாலிசியைக் கோபத்தில் விட்டுவிடாதீர்கள். கிளைம் கேட்டார் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது; ஆனால் நீங்களே விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், பைபோலார் பழைய நோயாகி மூன்று வருடம் வரை காத்திருக்க நேரும். மாதாந்தர டாக்டர் ஃபீஸ், மாத்திரைச் செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது. அதற்கு அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம்.

பணப் பிரச்சினையில் லித்தியத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வெயிலில் கடையில் நிற்பவர். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம். முதுகு வலி, மூட்டு வலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை பெரிதாக நடுங்கினாலோ, வாந்தி பேதியோடு நடை தள்ளாடினாலோ, அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். திரும்பவும் இரண்டு இரவு தூக்கம் கெட்டால் ஆறாவது நாள்வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.