பை நிறையக் கல், சிக்கிமுக்கிக்குப் பஞ்சம்: ஆர்க் விளையாட்டில் கற்கருவிகள்

கேள்வி: ‘ஆர்க்: சர்வைவல் இவால்வ்டு’ என்ற வீடியோ விளையாட்டை விளையாடத் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. கைக்கோடரி செய்யக் கற்றுக்கொண்டதும் பிக்காசைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பாறைகளை உடைத்து உடைத்து, நடக்கக்கூட முடியாத அளவுக்குப் பையில் கல் சேர்ந்துவிடுகிறது. ஆனால் சிக்கிமுக்கிக் கல் ஐந்தாறுதான் தேறுகிறது. கோடரியோ அடிக்கடி உடைகிறது. புதிதாகச் செய்யச் சிக்கிமுக்கி இல்லை. பேசாமல் உலோகக் கருவிக்கு மாறிவிடலாமா?

பதில்: உலோகத்துக்கு நிச்சயம் மாறத்தான் வேண்டும், ஆனால் உங்கள் சிக்கல் அதனால் தீராது. பிக்காசைத் தூக்கிப் போட்டீர்கள் அல்லவா, தவறு அங்கேதான் நேர்ந்திருக்கிறது. பிக்காசு தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது, கைக்கோடரியோ இரண்டாம் நிலையை எட்டிய பிறகுதான் திறக்கிறது. அதனால் பின்னது முன்னதன் மேம்பட்ட வடிவம் என்று புதிதாக வருபவர்களில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே தரத்தவை, வேலைதான் வேறு.

இந்த விளையாட்டில் ஒரு பாறையோ, மரமோ, இறந்த விலங்கோ ஒரே ஒரு பொருளை மட்டும் தருவதில்லை. பாறையில் கல்லும் சிக்கிமுக்கியும் உண்டு. மரத்தில் மரக்கட்டையும் கூரைப்புல்லும் உண்டு. சடலத்தில் இறைச்சியும் தோலும் உண்டு. இவற்றில் எது அதிகமாக விழும் என்பதை உங்கள் கையில் இருக்கும் கருவியே முடிவு செய்கிறது. பாறையைப் பிக்காசால் அடித்தால் சிக்கிமுக்கி அதிகம், கோடரியால் அடித்தால் கல் அதிகம். மரத்தைப் பிக்காசால் அடித்தால் கூரைப்புல் அதிகம், கோடரியால் அடித்தால் மரக்கட்டை அதிகம். சடலத்தில் பிக்காசு இறைச்சியையும் கோடரி தோலையும் கூடுதலாகத் தரும். மரத்துக்குக் கோடரி, பாறைக்குப் பிக்காசு என்ற நம் வழக்கமான அறிவு இங்கே பாதிதான் செல்லும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவில் நிறுத்த எளிய வழி ஒன்று உண்டு: கோடரி கனமானதைத் தரும், பிக்காசு இலேசானதைத் தரும். பாறைக்கும் மரத்துக்கும் இது பிசகாது. சடலத்தில் மட்டும் தலைகீழாகிவிடும், ஏனென்றால் அங்கே தோல்தான் இறைச்சியைவிட இலேசு.

நீங்கள் சொல்லும் பைக் கனத்துக்கும் இதுவே காரணம். ஒரு கல்லின் எடை 0.5, ஒரு சிக்கிமுக்கியின் எடை 0.05. அதாவது ஒரு கல் ஏறும் இடத்தில் பத்துச் சிக்கிமுக்கி ஏறும். தொடக்கத்தில் உங்கள் பாத்திரம் சுமக்கக்கூடிய மொத்த எடை 100 என்பதால், 100 கல் சேர்ந்த உடனேயே பாதிக் கொள்ளளவு போய்விடுகிறது. அதே 100 சிக்கிமுக்கி வெறும் 5 எடைதான். சிக்கிமுக்கி தேடிப் போகிறவர் கோடரியோடு போனால், விரும்பாத பொருளைச் சுமந்துகொண்டு விரும்பிய பொருளில்லாமல் திரும்புவார். இனி, எதற்காகப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுக் கருவியை எடுங்கள். இரண்டையும் திரையின் அடியில் உள்ள, பொருளை உடனே கையில் எடுக்க உதவும் விரைவுக் கட்டங்களில் அடுத்தடுத்து வைத்திருந்தால், ஒரே பாறையில்கூட நடுவில் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது உடைவதைப் பற்றி. கைக்கோடரிக்குச் சிக்கிமுக்கி 1, மரக்கட்டை 1, கூரைப்புல் 10 போதும். பிக்காசுக்கும் இதே கணக்குத்தான். சிக்கிமுக்கிக்குப் பதில் சாதாரணக் கல் ஒன்று. (கல்லைக் காம்பில் கட்டுவதற்கு நார்தான் வேண்டும், இவர்கள் அதை விட்டுவிட்டுக் கூரைப்புல்லால் கட்டச் சொல்வது எனக்கு இன்றுவரை வேடிக்கையாகவே இருக்கிறது. உண்மையில் அப்படிக் கட்டினால் முதல் அடியிலேயே கல் பறந்துவிடும்.) இந்தப் பட்டியலைக் கவனித்தால் உங்கள் சுழலிலிருந்து வெளியேறும் வழி தெரியும்: கோடரி உடைந்து சிக்கிமுக்கியும் இல்லாமல் நிற்கும்போது, கீழே கிடக்கும் ஒரு கல்லைப் பொறுக்கிப் பிக்காசு செய்துகொள்ளலாம், அந்தப் பிக்காசால் ஒரே ஒரு பாறையை உடைத்தால் பல கோடரிக்கான சிக்கிமுக்கி கிடைத்துவிடும். சிக்கிமுக்கி இல்லாமல் பிக்காசு பிறக்கும், பிக்காசு இல்லாமல் சிக்கிமுக்கி பெருகாது, வரிசை இதுதான்.

உடைந்த கருவி மறைந்துவிடுவதில்லை, பையிலேயே கிடக்கும், அதைப் பழுதுபார்க்கலாம். ஆனால் கல் கருவிக்கு ஆகும் பொருள் இவ்வளவு சொற்பம் என்பதால், பழுதுபார்ப்பதா புதிதாகச் செய்வதா என்று நான் யோசிப்பதே இல்லை. புதிதாகச் செய்தால் அனுபவப் புள்ளியும் கூடவே வரும். இன்னொன்று: கோடரியை ஆயுதமாகப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். விலங்கை அடிக்கும் ஒவ்வொரு அடியும் அதன் ஆயுளைத் தின்கிறது. சண்டைக்கு ஈட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிக்கிமுக்கி 2, மரக்கட்டை 8, நார் 12 இருந்தால் ஆயிற்று.

குடிசை போடும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். உடைத்த பாறை சிறிது காலத்தில் மீண்டும் முளைக்கும். ஆனால் நீங்கள் கட்டிய கட்டடத்துக்கு மிக அருகில் முளைக்காது. பாறை மிகுந்த இடம் வசதி என்று அதன் நடுவிலேயே அடித்தளம் போட்டவர்கள், சில நாளில் கல்லுக்காகத் தொலைதூரம் நடக்கிறார்கள்.

உலோகத்துக்கு மாறுவது பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முதலில் உலை வேண்டும்; உலைக்கு மட்டும் 125 கல் தேவை. இன்றைக்குச் சுமையாகத் தெரியும் அந்தக் கல்லைக் கொட்டிவிடாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். உலையைக் கட்டும் நாளில்தான் பாறையைக் கோடரியால் அடிப்பது பொருத்தமான வேலையாகும். இரண்டு உலோகத் தாதுவை உருக்கினால் ஒரு பாளம் கிடைக்கும். கொல்லுப்பட்டறை அமைக்க 5 பாளம் போகும். அதன் பிறகு உலோகப் பிக்காசுக்கு 1 பாளமும் உலோகக் கோடரிக்கு 8 பாளமும் ஆகும். ஆகவே பட்டறையையும் சேர்த்து 12 தாது இருந்தால் உலோகப் பிக்காசு கைக்கு வந்துவிடும். கோடரிக்கு மேலும் 16 தாது வேண்டும். எனவே எப்போதும் பிக்காசையே முதலில் செய்யுங்கள். உலோகத் தாது உள்ள பாறையிலும் தாதுவை அதிகமாகத் தருவது பிக்காசுதான் என்பதால், அடுத்த 16 தாதுவை அதுவே சீக்கிரம் சேர்த்துக் கொடுக்கும். முதல் 12 தாதுவை உங்கள் கல் பிக்காசால்தான் உடைக்க வேண்டியிருக்கும். ஒரு தாதுவின் எடை 1 என்பதால், அந்தப் பயணத்துக்குக் கிளம்பும்போது பையில் ஒரு கல்கூட வைத்திருக்காதீர்கள்.

மேலே சொன்ன அளவுகள் யாவும் விளையாட்டின் இயல்பான அமைப்புக்குரியவை. நண்பர்கள் நடத்தும் தனிச் சர்வரில் விளைச்சல் அளவைக் கூட்டியிருந்தால் கிடைக்கும் எண்ணிக்கை மாறும். அங்கேயும் எந்தக் கருவி எதை அதிகம் தரும் என்பது மாறாது.