தண்ணீரில் நின்ற முட்டை

மூன்று வாரமாக ஃபிரிட்ஜில் இருந்த முட்டை தண்ணீரில் மூழ்கினாலும் செங்குத்தாக நிற்கிறது, எறிந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேற வெளியேற, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகும். அதனால்தான் அந்த முனை மேலே தூக்குகிறது. பழசு என்றுதான் அர்த்தம், கெட்டது என்றல்ல. மிதந்தால் நான் எறிந்துவிடுவேன்.

தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பாருங்கள். வெள்ளைக்கரு நீர்த்து, மஞ்சள்கரு தட்டையாகப் படர்ந்திருந்தாலும், கெட்ட வாடை இல்லையென்றால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். அரைவேக்காடு மட்டும் கூடவே கூடாது: கிருமி இருப்பதைத் தண்ணீர்ச் சோதனை காட்டாது.

அப்புறம், கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் வெப்பம் மாறும். உள்தட்டில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள்.