கடை வாசல் முதல் கால்வாய் வரை: கான்கிரீட் நடைபாதை கேள்வி பதில்

போன இதழில் கடை வாசல் நடைபாதைகளைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன், அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: காசு கொடுத்துப் போட்ட கான்கிரீட் ஏன் நிற்கவில்லை, சாய்தளம் போட்டும் ஏன் யாரும் ஏற முடியவில்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் துணிக்கடை வைத்திருக்கிறேன். அஞ்சடியிலிருந்து (கடை முன்னால் உள்ள கூரை போட்ட நடைவழி) கடைக்குள் ஏற இரண்டு படி, மொத்தம் 34 சென்டிமீட்டர் உயரம். சக்கர நாற்காலியில் வரும் அம்மா ஒருவர் வாசலில் இருந்தபடியே புடவை பார்த்துவிட்டுப் போகிறார், எனக்கு மனசு கேட்கவில்லை. படி மேலேயே கலவையைப் போட்டு ஒரே நாளில் சாய்தளம் ஆக்கித் தருகிறேன் என்கிறார் கொத்தனார். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கணக்கைப் பாருங்கள். சாய்தளத்தின் வாட்டம் 1க்கு 12-ஐத் தாண்டக் கூடாது, அதாவது 1 சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். உங்கள் 34 சென்டிமீட்டருக்கு 4 மீட்டர் 8 சென்டிமீட்டர். அஞ்சடியின் அகலமோ பேருக்கு ஏற்றபடி ஐந்தடி, ஒன்றரை மீட்டர்தான். அதற்குள் 34 சென்டிமீட்டரை ஏற்றினால் வாட்டம் 1க்கு நாலரை மாதிரி வரும். அந்த அம்மா தானாக ஏறவே முடியாது, பின்னால் ஒருவர் தள்ளினாலும் நாற்காலி மல்லாந்துவிடலாம், இறங்கும்போது நேராக எதிரே கால்வாய். படி இருந்தால் அவர் வெளியே நிற்பதோடு சரி. இப்படிப்பட்ட சாய்தளம் இருந்தால் விழுந்து அடிபடுவார்.

அஞ்சடியிலேயே பக்கவாட்டில் நீளமாகப் போட்டுவிடலாமே என்று அடுத்து யாராவது யோசனை சொல்வார்கள். அதுவும் கூடாது. அஞ்சடி பெரும்பாலும் உங்கள் நிலத்துக்குள்தான் இருக்கும், ஆனால் அது ஊரார் நடக்கும் வழி. 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் ஒவ்வொரு கடை முன்னாலும் கூரையுள்ள நடைவழி விட வேண்டும் என்று எழுதினார், அந்த வழக்கம்தான் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வந்தது. அதை மறிப்பது 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம்.

உங்கள் கடை நீளமான கடையாக இருந்தால் சாய்தளத்தைக் கடைக்குள்ளே கொண்டுபோங்கள். வாசலின் ஒரு பக்கம் படியை உடைத்து, அஞ்சடி மட்டத்திலேயே உள்ளே நுழைய வைத்து, சுவரை ஒட்டி 1.2 மீட்டர் அகலத்தில் மெதுவாக ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலேயும் கீழேயும் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம். நாலைந்து அலமாரி இடம் போகும், உண்மைதான். தரையை உடைக்கும் முன் ஒரு பொறியாளரிடம் காட்டி நகர மன்றத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் பின்சந்துப் பக்கம் கதவு இருக்கிறதா பாருங்கள், பல கடைகளில் அங்கே உயரம் குறைவாக இருக்கும்.

வேலை முடிந்ததும் காசு கொடுக்கும் முன் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1.2 மீட்டர் ரசமட்டம் ஒன்றை சாய்தளத்தில் ஏறும் திசையில் வையுங்கள். கீழ்ப்பக்க முனையைத் தூக்கித் தூக்கி, குமிழ் நடுவில் வரும் வரை பிடியுங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி 10 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் சரி. 15 இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டு அங்கேயே காட்டுங்கள். கண்ணால் பார்த்துச் "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொன்ன சாய்தளங்களை நான் அளந்து பார்த்தபோது பாதி தேறவில்லை.

கேள்வி: செந்தூலில் எங்கள் கிளினிக் முன்னால் 18 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் நடைபாதை போட்டோம். பத்தே நாளில் குறுக்கே மூன்று இடத்தில் கோடு விழுந்துவிட்டது. சிமெண்ட் மோசமா?

பதில்: சிமெண்டைக் குறை சொல்ல வேண்டாம் ஐயா, கான்கிரீட் காயும்போது சுருங்கும், மீட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். 18 மீட்டருக்குச் சேர்த்தால் ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சுருக்கம் எங்காவது போயாக வேண்டும். நீங்கள் வெட்டு விட்டு இடம் கொடுத்தால் அங்கே விரிசல் விடும், கொடுக்காவிட்டால் அதுவே இடம் பிடித்துக்கொள்ளும்.

100 மில்லிமீட்டர் கனத்துக்கு அதிகபட்சம் இரண்டரை முதல் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு வேண்டும், ஆனால் உங்கள் பாதை ஒன்றரை மீட்டர் அகலம் என்பதால் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று சதுரமாக வெட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது 25 மில்லிமீட்டர். மேலே கரணையால் கீறிய கோடு வெட்டு ஆகாது, அது வெறும் அலங்காரம். மெஷின் வைத்து வெட்டுவதானால் போட்ட அன்று இரவோ மறுநாள் காலையோ வெட்டிவிட வேண்டும், இரண்டு நாள் கழித்து வந்தால் கான்கிரீட் தானே வெடித்திருக்கும். தூணையும் கால்வாய்ச் சுவரையும் ஒட்டும் இடத்தில் 12 மில்லிமீட்டர் மென்பலகை வைத்துப் பிரிக்க வேண்டும்.

இப்போது என்ன செய்வது? விரிசலின் இரண்டு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரே மட்டமாக இருந்தால் பசை அடைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அடிமண் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்தத் துண்டை உடைத்தெடுத்து, கிரஷர் ரன் (உடைத்த கல்லும் கல்தூளும் கலந்தது) போட்டுக் கம்பாக்டரால் இறுக்கி, மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை. பூச்சு பூசி மறைக்காதீர்கள், நோயாளிகள் நடக்கும் இடம், தடுக்கி விழுவார்கள்.

கேள்வி: பட்டர்வொர்த்தில் புதிதாகக் குத்தகை எடுக்க ஆரம்பித்திருக்கிறேன் அண்ணே. கடை வரிசைக்கு நடைபாதை வேலை. சாயங்கால மழைக்குப் பயந்து வேலை இழுக்கிறது. அப்புறம், ரெடிமிக்ஸ் லோரி வந்ததும் ஆட்கள் கெட்டியாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன், நான் பட்ட அடி அது. இந்தத் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு கடை வரிசைக்கு முன்னால் ஊற்றிக்கொண்டிருந்தோம், மத்தியான வெயில், ஆட்கள் இழுக்க முடியாமல் திணறினார்கள், நான் தலையாட்டினேன், டிரைவர் குழாயைத் திறந்துவிட்டார். பிறகு மேலே தண்ணீர் மினுமினுவென்று நின்றது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதன் மேல் சிமெண்ட் தூளைத் தூவி இழைத்துவிட்டோம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆறு மாதத்தில் மேல்தோல் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. மொத்தத்தையும் என் செலவில் உடைத்துப் போட்டேன்.

ஒரு கன மீட்டரில் 5 லிட்டர் கூடுதல் தண்ணீர் சேர்த்தால் ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்க அளவு, ஓர் அங்குலம் ஏறும், பலம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நியூட்டன் இறங்கும். 6 கன மீட்டர் லோரியில் 100 லிட்டர் விட்டால் ஜி25 (25 நியூட்டன் பலம்) என்று காசு கொடுத்து வாங்கியது 21, 22 என்று போய் நிற்கும். ஆட்களுக்கு இளக்கமாக வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே ஸ்லம்ப் அளவைச் சொல்லிவிடு, பிளாண்டில் மருந்து சேர்த்து இளக்கித் தருவார்கள், பலம் குறையாது. லோரி வந்ததும் டெலிவரி சீட்டில் கலவை போட்ட நேரத்தைப் பார், ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கி முடித்துவிடு. கியூப் (பலம் சோதிக்கும் கான்கிரீட் கட்டி) எடுக்க மறக்காதே, 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்த்த தாள்தான் பிறகு உன்னைக் காப்பாற்றும்.

இழைக்கும் நேரத்தை உன் பூட்ஸே சொல்லும். மேலே மினுமினுப்பு முழுவதும் போகட்டும், ஓரத்தில் ஒரு காலை வைத்துப் பார், தடம் 5, 6 மில்லிமீட்டர் ஆழம்தான் பதிகிறது என்றால் மட்டப்பலகையைக் கையில் எடுக்கலாம். அதற்கு முன் எடுத்தால் தண்ணீரை உள்ளேயே பூட்டி வைக்கிறாய். கடைசியில் நடக்கிற திசைக்குக் குறுக்காகத் துடைப்பத்தால் ஓர் இழுப்பு. வழவழப்பாக விடாதே, மழை நாளில் பாட்டிமார்கள் வழுக்கி விழுவார்கள். குறுக்கு வாட்டம் 1க்கு 50, கால்வாய்ப் பக்கம்.

மழைக்கு ஒரே மருந்து நேரம். நம் ஊரில் பருவம் மாறும் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பரில் மழை மத்தியானத்துக்கு மேல்தான் அதிகம் கொட்டுகிறது. காலை ஏழு மணிக்கு லோரி நிற்க வேண்டும், பிளாஸ்டிக் விரிப்பு முன்கூட்டியே சுருட்டிப் பக்கத்தில் இருக்க வேண்டும், மழை தொடங்கிய பிறகு தேடக் கூடாது. நாலைந்து மணி நேரம் தாண்டி இறுகிவிட்டால் மழை கெடுதல் இல்லை, நல்லதுதான், கான்கிரீட்டுக்கு 7 நாள் ஈரம் வேண்டும். மழை இல்லாத நாளில் ஈரச் சாக்கு போட்டு மூடி வை, சாக்கு காயவிடாதே.

சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு செய்துவிட்டாயா? உன் பதிவு வகுப்புக்கு எவ்வளவு தொகை வரை வேலை எடுக்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள். ஆட்களுக்குப் பச்சை அட்டையும் (கட்டுமானத் தொழிலாளர் பதிவு அட்டை) எடுத்துக் கொடு.

கேள்வி: பிறையில் எங்கள் மளிகை மொத்தக் கடைக்குச் சரக்கு லோரி ஏறி இறங்கி, ஓரக் கர்ப் கல்லெல்லாம் சாய்ந்துவிட்டது. நடைபாதையும் நொறுங்குகிறது.

பதில்: கர்ப் கல் தானாக நிற்பதில்லை. அடியில் கான்கிரீட் மெத்தை, பின்னால் முதுகுக்குக் கான்கிரீட் அணை, இரண்டும் வேண்டும். உங்கள் கல்லை ஒன்று தோண்டிப் பாருங்கள், பின்னால் வெறும் மண்தான் இருக்கும். லோரி ஏறும் வழியை மட்டும் தனியாகப் பிரித்து 150 மில்லிமீட்டர் கனத்தில், ஏ8 பிஆர்சி வலை (8 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி வலை) வைத்துப் போடுங்கள், அங்கே கர்ப்பையும் தாழ்த்திவிடுங்கள். வலை கவர் பிளாக் (வலையைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) மேல் உட்கார வேண்டும். தரையில் விரித்துவிட்டு ஊற்றும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்பார்கள், நம்பாதீர்கள், மிதித்து மிதித்து அது அடியிலேயே கிடக்கும், அப்படிக் கிடந்தால் அந்தக் கம்பியால் ஒரு பயனும் இல்லை. கர்ப்புக்கு வெளியே சாலை நகர மன்றத்துடையது, அனுமதி வாங்கிவிட்டுத் தோண்டுங்கள், கீழே தண்ணீர்க் குழாயும் மின் கேபிளும் ஓடலாம்.

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் தாத்தா காலத்துக் கடை. அஞ்சடியில் பழைய பூ ஓடு உடைந்திருக்கிறது. அதன் மேலேயே 3 அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி அது, நகர மன்றத்தைக் கேட்காமல் எதையும் தொட முடியாது. அது ஒரு புறம். பழைய சுவர்கள் சுண்ணாம்பும் செங்கலும், அடிமண்ணின் ஈரம் இத்தனை காலமும் தரை வழியாக மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மேலே கான்கிரீட் போட்டு அடைத்தால் அந்த ஈரம் சுவரில் ஏறும், இரண்டு வருடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சாந்து உதிர ஆரம்பிக்கும். பக்கத்துக் கடையைவிட உங்கள் அஞ்சடி 3 அங்குலம் உயர்ந்து அங்கே புதிதாக ஒரு தடுக்கல் வேறு. உடைந்த ஓட்டை மட்டும் எடுத்து, சுண்ணாம்புக் கலவையில் அதே மாதிரி ஓடு பதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வணிக வளாகத்துக்கு வெளியே நடைபாதை போடுகிறோம். மஞ்சள் புடைப்பு ஓடு அழகாக இல்லை, சாம்பல் நிறத்தில், அங்கங்கே கோலம் மாதிரி வைக்கலாமா என்று நிர்வாகக் குழுவில் கேட்கிறார்கள்.

பதில்: அந்தக் குழுவை ஒரு நாள் காலை பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது, அந்தத் தெருக்களில் வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும். கோடு கோடாகப் புடைத்த ஓடு "இப்படியே போ" என்கிறது, புள்ளி புள்ளியான ஓடு "நில், முன்னால் ஏதோ இருக்கிறது" என்கிறது. அது அவர்கள் காலால் படிக்கும் எழுத்து. எழுத்தை மாற்றிக் கோலம் போட்டால் வாசிக்கிறவர் சாலையில் இறங்கிவிடுவார். மஞ்சள் ஏன் என்றால், பார்வையற்றவர் என்று நாம் சொல்கிறவர்களில் பலருக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், சாம்பல் தரையில் மஞ்சள் அவர்கள் கண்ணுக்கு நன்றாகப் பிரிந்து தெரியும்.

ஒரு கடை வரிசையில் மஞ்சள் கோடு நேராக ஓடி ஒரு விளக்குக் கம்பத்தில் போய் முடிந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஓடு பதித்தவர் வேறு, கம்பம் நட்டவர் வேறு, வரைபடத்தை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதனால் கான்கிரீட் ஊற்றும் முன் சுண்ணாம்புத் தூளால் முழுக் கோட்டையும் தரையில் வரைந்துவிடுங்கள். கம்பம், குப்பைத் தொட்டி, கால்வாய் மூடி, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் எல்லாம் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு கை நீளமாவது தள்ளியே இருக்கட்டும். சாய்தளம் சாலையைத் தொடும் இடத்தில் புள்ளி ஓடு அதன் முழு அகலத்துக்கும் வர வேண்டும், ஏனென்றால் கர்ப்பைத் தாழ்த்தி மட்டமாக்கிய பிறகு கோலில் தட்டுவதற்கு அங்கே படி இல்லை. பிறகு, முடிந்தால் அந்தச் சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்து, சுண்ணாம்புக் கோடு அழியும் முன் ஒரு முறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.