நண்பர் குளத்துத் தவளை முட்டையை நம் குளத்தில் விடலாமா?

லண்டன் ஹாரோவில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தோட்டத்தில் சின்னதாகக் குளம் வெட்டியிருக்கிறோம். என் எட்டு வயது மகளுக்குத் தலைப்பிரட்டை வளர்க்க ஆசை. நண்பர் வீட்டுக் குளத்தில் முட்டை நிறையக் கிடக்கிறது. ஒரு வாளி எடுத்து வந்து விடலாமா? தவளைகள் குறைந்து வருவதால் இது நல்லதுதானே?"

நல்ல மனதோடு கேட்கிறீர்கள். ஆனாலும் வேண்டாம் என்பதே என் பதில்.

முட்டையோடு அந்தக் குளத்துத் தண்ணீரும் வரும், தண்ணீரோடு நோயும் வரலாம். இங்கிலாந்துத் தோட்டங்களில் 1980களின் பிற்பகுதியிலிருந்து தவளைகளைக் கொல்லும் ரானா வைரஸ் பரவி வருகிறது. அது தொடர்ந்து தாக்கிய குளங்களை 1996இலும் 2008இலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தவளைகள் சராசரியாக 81 சதவீதம் குறைந்திருந்தன. பார்வைக்கு நலமாக இருக்கும் குளத்திலும் கிருமி இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

நிபுணர்களுக்கே இது நடந்திருக்கிறது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மட்டும் வாழும் ஒரு சிறு தேரையைக் காப்பாற்றக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து மலை ஓடைகளில் விட்டார்கள். கூண்டில் தென்னாப்பிரிக்கத் தவளைகளிடமிருந்து தொற்றிய தோல் பூஞ்சையும் கூடவே போய்விட்டது. அதை ஒழிக்கத் தலைப்பிரட்டைகளை எல்லாம் பிடித்து மருந்துக் குளியல் கொடுத்து, குட்டைகளை வடித்து, பாறைகளைக் கிருமிநாசினியால் கழுவினார்கள். பலன் கிடைத்ததாக 2015இல் அறிக்கை வந்தது. ஒரு தீவின் சில குட்டைகள் மட்டும் என்பதால்தான் அது முடிந்தது.

நெதர்லாந்தில் அப்படி முடியவில்லை. தவளையின் உறவான, பல்லி போன்ற உருவமுள்ள, கறுப்பும் மஞ்சளுமான நெருப்பு சாலமாண்டர்கள் 2010 முதல் மளமளவென்று செத்தன. சில ஆண்டுகளில் அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. காரணம் இன்னொரு பூஞ்சை, 2013இல்தான் அடையாளம் கண்டார்கள். ஆசியாவில் தோன்றிய அது செல்லப்பிராணி வணிகத்தோடு வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. பிறகு பெல்ஜியம், ஜெர்மனி, ஸ்பெயின் காடுகளிலும் தென்பட்டது. ஒரு வாளியைக் கண்டு நான் இவ்வளவு பயப்படுவது இதனால்தான்.

சரி, உங்கள் குளத்துக்குத் தவளை எப்படி வரும்? தானாகவே வரும். பக்கத்துத் தோட்டங்களில் இருந்தால் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் வந்துவிடும். வேலியின் அடியில் சின்ன வழி விடுங்கள். ஒரு கரையைச் சரிவாக அமையுங்கள், குட்டித் தவளை ஏறி வர அது கட்டாயம் வேண்டும். குழாய்த் தண்ணீரை விட மழைத்தண்ணீர் நல்லது. ஓரமாகக் கொஞ்சம் விறகுக் கட்டையும் வெட்டாத புல்லும் இருக்கட்டும். மீன் மட்டும் விடாதீர்கள், தலைப்பிரட்டையைத் தின்றுவிடும். செடியையும் அடுத்தவர் குளத்திலிருந்து எடுக்காதீர்கள்.

சாலமாண்டர் இனத்தைச் சேர்ந்த பெரிய கொண்டை நியூட் வந்தால் யோகம்தான். ஆனால் அதைத் தொடாதீர்கள். உரிமம் இல்லாமல் பிடிப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

கோடையில் தவளைகள் கூட்டமாகச் செத்தாலோ, தோலில் புண்ணோ சிவப்போ தெரிந்தாலோ கார்டன் வைல்ட்லைஃப் ஹெல்த் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். இப்படி வரும் தகவலை வைத்துத்தான் நோய் எங்கே இருக்கிறது என்று கண்காணிக்கிறார்கள்.

மகளுக்கு? பிப்ரவரி, மார்ச்சில் முட்டை. ஜூன், ஜூலையில் குட்டித் தவளை கரையேறும். அதுவரை அவளை நண்பர் வீட்டுக்கே அழைத்துப் போங்கள். அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நாலைந்து தலைப்பிரட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அங்கேயே திரும்ப விடட்டும். கிளம்பும்போது பூட்ஸையும் வலையையும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே உங்கள் குளத்துக்கு எடுத்துப் போங்கள்.