இ-சிகரெட்டில் அடிமையாக்குவது வாசனையா, நிகோடினா?

அடிமையாக்குவது நிகோடின். அதற்குக் கதவைத் திறந்துவிடுவது வாசனை.

இ-சிகரெட் என்பது பேட்டரியால் ஒரு திரவத்தைச் சூடாக்கி, அந்த ஆவியை இழுக்கவைக்கும் கருவி. திரவத்தில் பெரும்பாலும் நிகோடின் இருக்கும். அது தொண்டையைக் காந்தும், கசக்கும். முதல் இழுப்பில் வரும் இருமலே பலரை நிறுத்திவிடும். அது உடம்பு போடும் தடுப்பு. மாம்பழ வாசனை அந்தக் கசப்பை மறைக்கிறது. மெந்தால் தொண்டையைக் குளிரவைத்து எரிச்சலை அடக்குகிறது. அப்புறம் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க முடிகிறது, சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய் சுக உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கவைக்கிறது. வளரும் மூளை இதற்குச் சீக்கிரம் பழகும். பிள்ளைகளை நினைத்து நான் பயப்படுவது இதனால்தான்.

நிலவேம்புக் கஷாயம் குடித்ததும் அம்மா வாயில் வெல்லத் துண்டைப் போடுவாரே, அதே உத்திதான். அங்கே மருந்துக்கு, இங்கே நஞ்சுக்கு.

இன்னொன்றும் நடக்கிறது. கும்பகோணம் கடைத்தெருவில் டிகிரி காபி மணம் வந்தால், குடிக்க நினைக்காதவர் காலும் ஒரு நொடி நிற்கும். அப்படித்தான் மூளை அந்தப் பழ வாசனையையும் நிகோடின் தரும் சுகத்தையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. பிறகு வாசனை பட்டாலே கை தேடும். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட் விற்பனைக்குத் தடை இருக்கிறது.

“வெறும் நீராவிதானே” என்கிறார்கள். இல்லை, அது கிளிசரின், நிகோடின், வாசனை ரசாயனங்கள் கலந்த நுண்துளிகள். தின்பண்டத்தில் சேர்க்கலாம் என்ற வாசனைப்பொருள் நுரையீரலுக்கும் ஏற்றது என்று அர்த்தமில்லை.