'வாதத்தை வலுப்படுத்தும் கூற்று எது?' வகைக் கேள்விகளில் எப்போதும் கடைசி இரண்டு ஆப்ஷன்களில் மாட்டிக்கொள்கிறேன். எப்படிச் சரிசெய்வது?

எல்சாட் (LSAT) என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் நீங்கள், ஐந்து ஆப்ஷன்களில் மூன்றைச் சுலபமாகக் கழித்துவிட முடிகிறது, மீதி இரண்டும் முடிவுக்குச் சாதகமாகவே தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. மதிப்பெண்ணில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு, இப்படி வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங்தான். அதனால் இந்த ஒரு வகையில் தெளிவு வந்தாலே நல்ல பலன் இருக்கும். இந்தத் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், இதே தடுமாற்றத்தை நிறையப் பேரிடம் பார்க்கிறேன்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முடிவோடு ஒத்துப்போகும் வாக்கியத்தைத் தேடுகிறீர்கள். ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போகும்போது ஆசிரியர் சொல்லாமல் தாண்டிய ஓர் இடைவெளி இருக்கும். அதைக் கொஞ்சமாவது அடைக்கும் வாக்கியத்தைத்தான் தேட வேண்டும். ஆகவே ஆப்ஷன்களைப் பார்க்கும் முன் ஒரு கேள்வி: இந்த ஆதாரம் முழுக்க உண்மையாக இருந்தும் முடிவு எப்படிப் பொய்யாகலாம்?

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனம் தன் ஒரு பிரிவுக்கு நின்றபடி வேலை செய்யும் மேசைகளைக் கொடுத்தது. அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பிரிவில் முதுகுவலிக்காக எடுக்கப்பட்ட விடுப்பு குறைந்தது. ஆகவே மேசைகள்தான் முதுகுவலியைக் குறைத்தன. இதை எது வலுப்படுத்தும்?

அ) முதுகுவலி, ஊழியர்கள் விடுப்பு எடுப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று.
ஆ) மேசை மாற்றப்படாத மற்றப் பிரிவுகளில் அதே ஆறு மாதத்தில் முதுகுவலி விடுப்பு குறையவில்லை.
இ) புதிய மேசைகள் தங்களுக்கு நன்மை செய்வதாக அந்தப் பிரிவினர் பலரும் நம்புகிறார்கள்.
ஈ) மேசைகள் வந்த அதே மாதம் விடுப்பு விதிகள் அந்தப் பிரிவுக்கு மட்டும் கடுமையாக்கப்பட்டன.

அ விஷயத்தின் முக்கியத்துவத்தை மட்டும் சொல்கிறது, காரணத்தைத் தொடவே இல்லை. ஈ வாதத்தைச் சாய்க்கிறது, விடுப்பு குறைந்ததற்கு வேறு காரணத்தைக் காட்டிவிடுகிறது. மிஞ்சுவது ஆ, இ. நீங்கள் சொல்லும் அந்தக் கடைசி இரண்டு இவைதான். மேசையைப் பற்றி நேரடியாக நல்லது சொல்வதால் இ கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் 'முடிவு எப்படிப் பொய்யாகலாம்' என்று முதலிலேயே கேட்டிருந்தால், 'நிறுவனம் முழுக்கவே விடுப்பு குறைந்திருக்கலாமே' என்ற பதில் கையில் இருந்திருக்கும். அந்த வாசலை அடைப்பது ஆ. நம்பிக்கை எந்த வாசலையும் அடைப்பதில்லை. புதிதாக எதைக் கொடுத்தாலும் நன்றாக இருப்பதாகச் சிலர் சொல்வார்கள்.

ஆ வாதத்தை நிரூபித்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்தப் பிரிவில் மட்டும் வேலைச் சுமை குறைந்திருக்கலாம். பரவாயில்லை. முடிவை முன்பைவிடச் சற்று நம்பத்தக்கதாக ஆக்கினால் போதும். 'இது முழு நிரூபணம் இல்லையே' என்று சரியான விடையைக் கழித்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

காரண–விளைவு வாதங்கள் இந்த வகையில் ஏராளமாக வரும் என்பதால், அதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி, பத்து நாட்களுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிராட் தெரு அடிபம்புத் தண்ணீர்தான் காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ. இறந்தவர்களின் வீடுகள் அந்தப் பம்பைச் சுற்றியே இருந்தன என்பது அவருடைய ஆதாரம். இடைவெளி உடனே தெரியும்: பம்பைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஒரே காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்? கெட்ட காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்பது அன்று பலரின் கருத்தும்கூட. இங்கே இன்னும் நூறு மரணங்களை வரைபடத்தில் குறித்தாலும் அந்த எதிர்வாதம் அசையாது. ஸ்னோ வேறு வகைச் செய்திகளைத் தேடிப் பிடித்தார். பக்கத்திலேயே இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர். காலராவில் இறந்தவர்கள் 5 பேர் மட்டுமே. அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவின் மதுவடிப்பு ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் ஆலையில் கிடைத்த பானத்தைக் குடித்தார்கள், தெருப் பம்புக்குப் போகவில்லை. அதே காற்று, வேறு தண்ணீர், நோய் இல்லை அல்லது மிகக் குறைவு. அப்புறம் தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி. சுவைக்காக பிராட் தெருத் தண்ணீரைத் தினமும் வரவழைத்துக் குடித்தவர். அந்த வட்டாரத்தில் காலராவே இல்லாத நேரத்தில் காலராவில் இறந்தார். வேறு காற்று, அதே தண்ணீர், நோய்.

இந்த மூன்று செய்திகளும் தேர்வில் வரக்கூடிய சரியான விடைகளின் அச்சு. 'காரணம் இல்லாத இடத்தில் விளைவும் இல்லை', 'காரணம் போன இடத்துக்கு விளைவும் போனது' என்ற இரண்டு வடிவங்களும் இதில் இருக்கின்றன. இதே கதையில் ஒரு கவர்ச்சியான தவறான விடையும் இருக்கிறது. செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் அடங்கியது. வலுவான சான்று போலத் தோன்றும். ஆனால் மக்கள் அந்தப் பகுதியைக் காலி செய்து போனதால் அதற்கு முன்பே நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார்.

கேள்வியில் வரும் 'உண்மை எனக் கொண்டால்' என்ற தொடரைத் தாண்டிப்போகாதீர்கள். ஆப்ஷன் நம்பும்படி இருக்கிறதா என்று யோசிப்பது உங்கள் வேலை இல்லை, அது உண்மை என்று ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இதனால் 'எல்லா', 'ஒருபோதும்' போன்ற கனமான சொற்களுக்கும் இங்கே பயப்பட வேண்டாம். பத்தியிலிருந்து எதைப் பெறலாம் என்று கேட்கும் கேள்விகளில் அவை சந்தேகத்துக்குரியவை. வலுப்படுத்தும் கேள்வியில் அவை உதவத்தான் செய்யும். 'சில நேரங்களில் இப்படி நடக்கலாம்' என்ற மென்மையான ஆப்ஷன்தான் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் நிற்கும். ஒரு வகையில் பழகிய எச்சரிக்கையை இன்னொன்றுக்குக் கொண்டுவந்து நல்ல விடையைக் கைவிடுகிறார்கள், பார்க்க வருத்தமாக இருக்கும்.

மறுத்துப் பார்க்கும் சோதனையும் அப்படியே. 'இந்த ஆப்ஷன் பொய்யானால் வாதம் விழுமா?' என்பது, வாதத்துக்குத் தேவையான ஊகம் எது என்று கேட்கும் கேள்விக்கானது. வலுப்படுத்தும் கூற்று தேவையானதாக இருக்க வேண்டியதில்லை. வேறொரு நிறுவனத்திலும் மேசை மாற்றியபின் முதுகுவலி குறைந்தது என்பது வாதத்துக்குத் துணைதான், அது இல்லாவிட்டாலும் வாதம் விழாது.

காரணம் பேசாத வாதங்களும் உண்டு. கருத்துக்கணிப்பு என்றால் கேட்கப்பட்டவர்கள் மொத்தக் கூட்டத்தைப் போன்றவர்களா என்று பாருங்கள். ஒப்பீடு என்றால் இரண்டும் முக்கியமான அம்சத்தில் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். திட்டம் என்றால் நடைமுறையில் அது ஓடுமா என்பது. ஆதாரத்தில் 'பதிவான விபத்துகள்', முடிவில் வெறும் 'விபத்துகள்' என்று ஒரு சொல் நழுவினால் இடைவெளி அங்கேதான். மேசை வாதத்திலும் இது இருக்கிறது, கவனித்தீர்களா? குறைந்தது விடுப்பு, முடிவு பேசுவதோ வலியைப் பற்றி. 'பின்வருவனவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் வலுப்படுத்துகின்றன' என்று வந்தால், அந்த ஒன்று வாதத்தைப் பலவீனப்படுத்த வேண்டும் என்று கட்டாயமில்லை. சம்பந்தமில்லாமல் இருந்தாலும் அதுதான் விடை.

நேரத்தைப் பொறுத்தவரை, எல்சாட்டில் 35 நிமிடத்தில் ஏறக்குறைய 25 கேள்விகள். கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் (GMAT) தேர்வில், இத்தகைய கேள்விகள் வரும் வெர்பல் பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்விகள், கொஞ்சம் மூச்சுவிடலாம். கடைசி இரண்டுக்கு நடுவே அரை நிமிடம் ஊசலாடுவதைவிட, முதல் இருபது விநாடியை இடைவெளியைக் கண்டுபிடிக்கக் கொடுங்கள். பயிற்சிக்கு, பழைய கேள்விகளில் ஆப்ஷன்களைக் காகிதத்தால் மறைத்து, பத்தியை மட்டும் படியுங்கள். முடிவு பொய்யாவதற்கான இரண்டு வழிகளை எழுதுங்கள். அதை அடைக்கும் வாக்கியம் ஒன்றை நீங்களே எழுதிவிட்டு, அப்புறம் காகிதத்தை எடுங்கள். முதல் சில நாட்கள் இதற்குக் கடிகாரம் வைக்க வேண்டாம்.