முதல் ரிவால்வர் எது?

கேள்வி: அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் பாம்புக்கும் மான் வேட்டைக்கும் சேர்த்து முதல் ரிவால்வராக எதை வாங்குகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும் ரிவால்வர்தான். 1935-இல் வந்த ரகம் என்றாலும் மவுசு குறையவில்லை, காரணம் அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் என்ற குட்டையான, வலுக் குறைந்த தோட்டாவையும் போட்டுச் சுடலாம், சுடும்போது கையில் அதன் உதை குறைவு, கை பழகும்வரை அதுவே போதும். (.38 துப்பாக்கியில் .357 போடவே கூடாது, அழுத்தம் தாங்காது.) பாம்புக்குப் பொடிக்குண்டு நிரப்பிய தோட்டா தனியாகக் கிடைக்கிறது, சில அடி தூரத்துக்குத்தான் உதவும். இடுப்பில் செருகிக்கொண்டு வேலி பார்க்கப் போக 4 அங்குலக் குழல் வசதி, மானுக்கு 6 அங்குலக் குழல் நல்லது, அதுவும் மான் கிட்டத்தில் வந்தால்தான். மாநிலத்துக்கு மாநிலம் வேட்டை விதி மாறும், முதலில் அதைப் பார்க்க வேண்டும். இன்னும் பெரிய தோட்டாவான .44 மேக்னம் பெருமைக்குச் சரி, புதியவருக்கு வேண்டாம். அப்புறம், .38-ஐயே நிறையச் சுட்டால் தோட்டா அறைக்குள் கரி வளையம் கட்டும், தேய்த்து எடுக்காவிட்டால் நீளமான .357 உள்ளே போகாமல் அடம்பிடிக்கும்.